அர்மி சுரங்கப்பாதையில் நின்ற ரயில்: நிலக்கரிப் புகையால் நேர்ந்த பேரிழப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

1944 மார்ச் 2-ஆம் தேதி இரவு, நள்ளிரவு தாண்டி மார்ச் 3 பிறந்துவிட்ட நேரம். தெற்கு இத்தாலியின் பசிலிகாத்தா பகுதியில், பல்வானோ என்ற ஊருக்கு அருகே, நீராவி எஞ்சின்கள் இழுத்துச் சென்ற ஒரு சரக்கு ரயில் மலைச் சுரங்கப்பாதைக்குள் ஏற முடியாமல் நின்றுவிட்டது. தடம் புரளவில்லை. எதன் மீதும் மோதவில்லை. தீப்பிடிக்கவும் இல்லை. ஆனாலும் விடிவதற்குள் அந்த வண்டியில் இருந்தவர்களில் 500-க்கும் மேற்பட்டோர் இறந்து கிடந்தார்கள். அரசுக் கணக்கு 517 என்கிறது. 600-ஐத் தாண்டும் என்ற கணக்குகளும் உண்டு. இத்தாலிய ரயில்வே வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு இல்லை. உயிரைப் பறித்தது, அந்த வண்டியின் எஞ்சின்களே வெளியிட்ட புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு.

எரிபொருள் எரியும் இடத்தில் வேலை செய்யும் எவரும் இந்த நிகழ்வை வரிசையாகத் தெரிந்துகொள்வது நல்லது. எரிப்பு சரியில்லாதபோது இரண்டு விளைவுகள் சேர்ந்தே வருகின்றன: எஞ்சினின் பலம் குறைகிறது, காற்றில் நஞ்சு கூடுகிறது. பலம் குறைந்ததும் மனிதர் செய்வது இன்னும் கொஞ்சம் எரிபொருள் போடுவதுதான். அது நஞ்சை மேலும் கூட்டுகிறது. அன்று இரவு நடந்ததன் சாரம் இதுவே.

பின்னணி

1943 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் தெற்கு இத்தாலியில் இறங்கின. நேப்பிள்ஸ் அவர்கள் கைக்கு வந்தது. ஆனால் நகரத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லை. மக்கள் கையில் இருந்தவை படைவீரர்களிடமிருந்து வந்த சிகரெட், காப்பித்தூள், துணி போன்ற பொருட்கள். உள்நாட்டு மலைக் கிராமங்களில் மாவு, எண்ணெய், முட்டை, இறைச்சி கிடைத்தன. அங்கே போய்ப் பண்டமாற்று செய்து திரும்பினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். பயணிகள் ரயில்கள் மிகக் குறைவு என்பதால், காலியாகப் போகும் சரக்கு வண்டிகளில் ஏறிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அனுமதி கிடையாது, தடுக்கவும் முடியவில்லை. எனவே எந்த வண்டியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இது பின்னால் மீட்பு வேலையைப் பெரிதும் பாதித்தது.

நிலக்கரியும் மாறியிருந்தது. போருக்கு முன் இத்தாலிய ரயில்வே தரமான இறக்குமதிக் கரியை நம்பி இருந்தது. இப்போது கிடைத்ததைத்தான் எரித்தார்கள். அந்தக் காலத்துக் கரியில் சாம்பலும் கந்தகமும் அதிகம் இருந்ததாக விசாரணையில் பதிவாகியிருக்கிறது. அதே எஞ்சின், அதே ஏற்றம். ஆனால் தீயறையில் ஒரு அள்ளு கரி முன்பு கொடுத்த சூட்டை இப்போது கொடுக்கவில்லை.

பாதை பத்திபாலியாவிலிருந்து பொத்தென்சாவுக்கு அப்பெனைன் மலைகளை ஊடுருவி ஏறும் ஒற்றைப் பாதை. பள்ளத்தாக்கை ஒட்டிப் பாலங்களும் சுரங்கங்களும் அடுத்தடுத்து வரும். பல்வானோ-ரிச்சில்யானோ நிலையத்தைத் தாண்டியதும் வருவது அர்மி சுரங்கம். நீளம் ஏறத்தாழ 1,970 மீட்டர். உள்ளே ஏற்றம் 78-க்கு 1, அதாவது 78 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும். விசிறிகள் போட்டுக் காற்றோட்டம் கொடுக்கும் ஏற்பாடு இல்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சுரங்கத்தில் நீராவி எஞ்சின் புகை ஆபத்து என்பது 1944-இல் யாருக்கும் புதிதல்ல. இத்தாலிக்கு நிச்சயமாகப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மார்கோ சக்கார்டோ என்ற இத்தாலியப் பொறியாளர் சுரங்க வாயிலில் பெரிய விசிறி வைத்துக் காற்றை உள்ளே பாய்ச்சும் முறையை உருவாக்கி, அப்பெனைன் மலையிலேயே இருந்த பிராக்கியா சுரங்கத்தில் பயன்படுத்தினார். ஜெனோவாவுக்கு மேலே உள்ள ஜியோவி ஏற்றப் பாதையில் 1910-இல் மின்சார இழுவை வந்தது; சுரங்கப் புகை அந்த முடிவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. தெரிந்த தீர்வுகள் இருந்தன. அவை இந்தப் பாதைக்கு வந்து சேரவில்லை.

வண்டியின் அமைப்பு

வண்டி எண் 8017. பத்திபாலியா வரை மின்சார எஞ்சின் இழுத்தது. அங்கிருந்து மலைப் பாதைக்கு இரண்டு நீராவி எஞ்சின்கள் மாட்டப்பட்டன. ஒன்று இத்தாலிய 480 வகை. மற்றொன்று முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவிலிருந்து வந்த 476 வகை. இரண்டும் பத்து இயக்கு சக்கரங்கள் கொண்ட பெரிய எஞ்சின்கள். பின்னால் 47 வேகன்கள். மொத்தச் சுமை ஏறத்தாழ 500 டன்.

இரண்டு எஞ்சின்களையும் முன்பக்கமே மாட்டினார்கள். மலைப் பாதைகளில் இரண்டாவது எஞ்சினைப் பின்னால் வைத்துத் தள்ளுவதும் உண்டு. பின்னால் வைத்தால் குறைந்தது ஒரு எஞ்சினின் புகையாவது வண்டியில் உள்ளவர்களுக்குப் பின்னே போகும். ஏற்றத்தில் கொக்கி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி ஓடாது. முன்னால் இரண்டையும் வைத்தால் இரண்டாவது எஞ்சினின் குழு முதல் எஞ்சினின் புகைக்குள்ளேயே நின்று வேலை செய்ய வேண்டும். வேகன்களில் இருப்பவர்களுக்கு இரண்டின் புகையும் சேர்ந்து வரும். அந்த இரு எஞ்சின் குழுக்களுக்கு இடையே பேசிக்கொள்ளும் வசதி எதுவும் இல்லை. விசில் மட்டும்தான். சுரங்கத்துக்குள் இரண்டு எஞ்சின் இரைச்சலில் விசிலை நம்ப முடியாது.

இழுவைக் கணக்கைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 78-க்கு 1 ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னுக்கும் சுமார் 12.8 கிலோ விசை மேல்நோக்கிக் கொடுக்க வேண்டும். 500 டன்னுக்கு 6.4 டன் விசை. உருளும் தடைக்கு இன்னும் ஒரு டன்னுக்கு மேல். வளைவுகளுக்குத் தனி. எஞ்சின்களும், அவற்றுக்கான கரியையும் தண்ணீரையும் சுமக்கும் டெண்டர்களும் தங்கள் எடையையும் தாங்களே தூக்க வேண்டும். தரமான கரியும் காய்ந்த தண்டவாளமும் இருந்தால் இரண்டு பெரிய எஞ்சின்களுக்கு இது முடியாத வேலை இல்லை. அன்று இரண்டும் இல்லை. ஈரமான, காற்றசையாத இரவு. காய்ந்த தண்டவாளத்தில் சக்கரத்தின் மேலுள்ள எடையில் ஏறத்தாழ கால்பங்கு விசை பிடிப்பாகக் கிடைக்கும். ஈரமும் கரித்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த தண்டவாளத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கும்.

தீயறைக்குள் நடந்தது

கார்பன் முழுவதுமாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆனால் ஒரு கிலோவுக்குச் சுமார் 33 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். பாதியில் நின்று மோனாக்சைடு ஆனால் கிடைப்பது சுமார் 9 மெகாஜூல் மட்டுமே. மீதி 24 மெகாஜூல் வெப்பமாக மாறாமல், எரியக்கூடிய நச்சு வாயுவாகவே புகைபோக்கி வழியே போய்விடுகிறது. புகையில் மோனாக்சைடு கூடினால் கொதிகலனில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்ததைக் கண்டால் புகையில் மோனாக்சைடு கூடியிருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டும் ஒரே இழப்பின் இரு முகங்கள்.

நீராவி எஞ்சினில் எரிப்பு கெடுவதற்கு மூன்று வழிகள் உண்டு. அன்று மூன்றும் இருந்திருக்க வேண்டும்.

முதலாவது, கனத்த நெருப்புப் படுக்கை. ஏற்றம் வருமுன், தீயறைக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் அதைக் கூடுதலாகப் போட்டு வைப்பார். மோசமான கரி என்றால் இன்னும் அதிகமாகப் போடுவார். கரி கிடக்கும் இரும்புச் சல்லடைக்குக் கீழிருந்து நுழையும் காற்று படுக்கையின் அடிப்பகுதியிலேயே ஆக்சிஜனை இழந்துவிடுகிறது. அங்கே உண்டான கார்பன் டை ஆக்சைடு, மேலே உள்ள செந்தழல் கரியைக் கடக்கும்போது மோனாக்சைடாக மாறுகிறது. இதைத் தடுக்கத் தீயறைக் கதவைச் சற்றே திறந்து வைத்து, படுக்கைக்கு மேலே புதுக்காற்று விட வேண்டும். அப்படி விட்டால் மோனாக்சைடு தீயறைக்குள்ளேயே நீலச் சுடராக எரிந்துவிடும். ஆனால் அந்தக் கதவு வழியே வரும் காற்றே புகை நிறைந்த சுரங்கக் காற்று என்றால் அதனால் பலனில்லை.

இரண்டாவது, சாம்பல். சாம்பல் அதிகமுள்ள கரி சல்லடையில் கட்டி கட்டியாக உருகி ஒட்டிக்கொள்ளும். ரயில்வேக்காரர்கள் கிளிங்கர் என்பார்கள். கிளிங்கர் பிடித்த இடத்தில் காற்று நுழையாது. அந்தப் பக்கம் கரி புகைந்துகொண்டே இருக்கும், எரியாது.

மூன்றாவது, இழுப்பு. நீராவி எஞ்சினில் தீக்கு வேண்டிய காற்றை இழுப்பது, சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவிதான். அது புகைபோக்கியின் கீழே சீறிப் பாயும்போது தீயறையிலிருந்து புகையை உறிஞ்சிக்கொண்டு போகிறது. எஞ்சின் சீராக ஓடும்வரை இழுப்பும் சீராக இருக்கும். சக்கரம் வழுக்கி வெறுமனே சுழன்றால் நீராவி படபடவென்று அடித்து நெருப்புப் படுக்கையைக் கிழித்துவிடும். ஒரு பக்கம் ஓட்டை, மறுபக்கம் எரியாத குவியல். எஞ்சின் நின்றுவிட்டால் இழுப்பே இல்லை. ஊதுகுழாயைத் திறந்து நேரடி நீராவி விட்டால் சிறிது இழுப்பு கிடைக்கும். அதுவும் தேய்ந்துகொண்டிருக்கும் நீராவியிலிருந்துதான் எடுக்க வேண்டும். நின்ற எஞ்சினின் தீயறையில் கனத்த கரிப்படுக்கை இருந்தால் அது மோனாக்சைடு தயாரிக்கும் உலைபோலவே வேலை செய்யும்.

கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடும் வந்திருக்கும். தொண்டை எரியும், இருமல் வரும், கண் கரிக்கும். நிறமும் மணமும் இல்லாத மோனாக்சைடைவிட இது ஒருவகையில் எச்சரிக்கை தரும். ஆனால் சுரங்கத்தில் ஒவ்வொரு முறையும் புகை கரித்தே பழகியவர்களுக்கு, கரிப்பு வழக்கமான தொல்லையாகத்தான் தெரியும். துணியால் மூக்கை மூடினால் கரித்துகள் கொஞ்சம் தடுக்கப்படும். மோனாக்சைடு துணியில் தங்காது. மூச்சு லேசானதுபோல் தோன்றுவது அந்த நேரத்தில் மிகத் தவறான ஆறுதல்.

சுரங்கத்துக்குள்

வண்டி பல்வானோ-ரிச்சில்யானோ நிலையத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றது. பாதையில் முன்னால் வேறொரு சரக்கு வண்டி போயிருந்தது. 12.50-க்கு 8017 புறப்பட்டது. அடுத்த நிலையமான பெல்லா-மூரோவுக்கு சுமார் 20 நிமிட ஓட்டம்.

வண்டி அர்மி சுரங்கத்துக்குள் நுழைந்து வேகம் குறைந்தது, சக்கரங்கள் வழுக்கின, பிறகு நின்றது. நின்றபோது எஞ்சின்கள் சுரங்கத்தின் நடுப்பகுதியை நெருங்கியிருந்தன. கடைசி சில வேகன்கள் மட்டும் வாயிலுக்கு வெளியே இருந்தன.

அந்த நிமிடங்களில் இரண்டு எஞ்சின்களிலும் எடுத்த முடிவுகள் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தன என்பது பின்னர் கண்ட நிலையிலிருந்து தெரிகிறது. ஒரு எஞ்சினின் இயக்குப்பிடி முன்னோக்கியும், மற்றதன் பிடி பின்னோக்கியும் இருந்தன. ஒருவர் இன்னும் ஏறிவிடலாம் என்று முயன்றிருக்கிறார். இன்னொருவர் பின்வாங்கி வெளியேறப் பார்த்திருக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமான முடிவுகளே. ஏற்றத்தில் பின்னோக்கி இறங்குவதுதான் சரியான வழி என்று இன்று சொல்வது எளிது. ஆனால் 47 வேகனோடு இருட்டில் பின்னோக்கி உருண்டால் என்ன ஆகும் என்ற அச்சம் எந்த மலைப்பாதை ஓட்டுநருக்கும் உண்டு. அந்த அச்சத்துக்காகவே வேகன்களில் பிரேக்ஸ்மேன்கள் இருந்தார்கள். வண்டி தானாகப் பின்னால் நகர்ந்தால் கைபிரேக்கை இறுக்குவது அவர்கள் கடமை. விதிப்படியே நடக்கும் ஒவ்வொருவரும் சேர்ந்து வண்டியை அந்த இடத்திலேயே கட்டிப்போடக்கூடிய ஏற்பாடு அது.

எவ்வளவு நேரம் இருந்தது? சுரங்கக் காற்றை அன்று யாரும் அளக்கவில்லை. ஒரு தோராயக் கணக்கு போடலாம். ஒரு எஞ்சின் முழு இழுவையில் மணிக்கு ஒன்றரை டன் கரி எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 20 நிமிடத்தில் ஒரு டன். அதில் கார்பன் 700 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும், அதாவது 70 கிலோ, மோனாக்சைடாகப் போனால் வரும் வாயு ஏறத்தாழ 130 கனமீட்டர். ஒற்றைப் பாதைச் சுரங்கத்தின் குறுக்குப் பரப்பை 25 சதுர மீட்டர் என்று கொண்டால், ஒரு கிலோமீட்டர் நீளத்தில் 25,000 கனமீட்டர் காற்று. ஒரே சீராகக் கலந்தால் 0.5 சதவீதம். அதாவது 5,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 5,000 பங்கு).

இந்த எண் எவ்வளவு கொடியது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க: 200 பிபிஎம்-இல் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வரும். 800-இல் முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும், சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தும். 1,600-இல் ஒரு மணி நேரத்தில் மரணம். 3,200-இல் அரை மணி. 6,400-இல் பத்துப் பதினைந்து நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் 24 மணி நேரச் சராசரியாகப் பரிந்துரைக்கும் வரம்பு கனமீட்டருக்கு 4 மில்லிகிராம், ஏறத்தாழ 3.5 பிபிஎம். மேலே போட்ட கணக்கு பாதி பிழையாக இருந்தாலும் முடிவு மாறாது.

இன்னொரு சுழலும் உண்டு. சுரங்கத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய எஞ்சின்கள் தங்கள் புகையையே மீண்டும் உள்ளிழுக்கின்றன. அதனால் எரிப்பு இன்னும் கெடுகிறது. மோனாக்சைடின் பங்கு கூடுகிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடும்போது மனிதரின் மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விடுபவர் வேகமாக நஞ்சேறுகிறார். அதிலும் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும் ஃபயர்மேன் அனைவருக்கும் முன்னால் விழுவார். வண்டியை வெளியே கொண்டுவரக் கூடியவர்களே முதலில் செயலிழந்தார்கள்.

உடலில் நேர்ந்தது

ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக மோனாக்சைடைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த இடத்தில் ஆக்சிஜன் ஏறாது; மீதமுள்ள ஆக்சிஜனும் திசுக்களுக்கு எளிதில் இறங்காது. மோனாக்சைடால் மட்டும் மூச்சு முட்டும் உணர்வு வருவதில்லை. அந்த உணர்வைத் தூண்டுவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்வதுதான். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்வரை அது வெளியேறிவிடுகிறது. முதலில் தலை கனக்கும். கால் தளரும். எழுந்து போக வேண்டும் என்று தோன்றினாலும் உடல் கேட்காது. தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இதில் எதுவுமே தெரியாது.

நேரம் பின்னிரவு, குளிர்காலம். வேகன்களில் இருந்தோரில் பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பலர் படுத்த நிலையிலேயே, கைப்பையை அணைத்தபடி இறந்திருந்தார்கள். சுரங்கத்தில் வண்டி நின்றால் கிளம்பும்வரை காத்திருப்பதுதான் பயணிகளின் பழக்கம். இறங்கி ஓட வேண்டும் என்று யாரும் எவரிடமும் சொல்லியிருக்க முடியாது.

எஞ்சின் குழுவினரில் ஒரு ஃபயர்மேன் மட்டும் பிழைத்தார். மயங்கிக் கீழே விழுந்ததால் தரைக்கருகே இருந்த சற்றே குளிர்ந்த, புகை குறைந்த காற்று அவருக்குக் கிடைத்தது. இதிலிருந்து கீழே படுத்தால் பிழைக்கலாம் என்று முடிவு செய்யக்கூடாது. மோனாக்சைடு காற்றைவிட மிகச் சிறிதளவே லேசானது. சூடான புகையோடு மேலே போகும், ஆறியதும் எங்கும் கலந்துவிடும். தரையை நோக்கிக் குனிவது சில நிமிடங்களைக் கொடுக்கலாம். அந்த நிமிடங்கள் வெளியேறுவதற்கு மட்டுமே.

தேடலும் மீட்பும்

20 நிமிடத்தில் சேர வேண்டிய வண்டி வரவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் மணிக்கணக்கில் தாமதம் சாதாரணம். அதிகாலை ஐந்து மணிக்குப் பிறகுதான், வால்பகுதியில் இருந்த ஒரு பிரேக்ஸ்மேன் தள்ளாடித் தள்ளாடித் தண்டவாளம் வழியே பல்வானோ நிலையத்துக்கு வந்து சேர்ந்து விஷயத்தைச் சொன்னார். வண்டி நின்று நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

தனி எஞ்சினில் ஒரு குழு புறப்பட்டது. சுரங்க வாயிலை அடைந்தவர்கள் கண்டது தண்டவாளத்தில் விழுந்து கிடந்த உடல்களை. அவற்றைக் கடந்து வண்டியை இழுத்து வர அந்த முதல் முயற்சியில் முடியவில்லை. வெளியே இருந்த வேகன்களில் உயிரோடு இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். வண்டி முழுவதையும் நிலையத்துக்கு இழுத்து வர காலை எட்டு மணிக்கு மேல் ஆயிற்று.

முகமூடி இல்லாமல் உள்ளே ஓடியிருந்தால் மீட்கப் போனவர்களும் விழுந்திருப்பார்கள். அந்த எஞ்சினும் தன் புகையைச் சேர்த்திருக்கும். முதல் குழு திரும்பி வந்தது சரியான முடிவு என்றே கருத வேண்டும். சரியாக இல்லாதது அந்த நான்கு மணி நேரம். இந்த இடைவெளி ஒரு மணி நேரத்துக்குள் இருந்திருந்தால், சுரங்கத்தின் கீழ்வாயிலுக்கு அருகில் இருந்த வேகன்களிலாவது சிலரைக் காப்பாற்றியிருக்கலாம்.

எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்ற பட்டியல் இல்லாததால் எண்ணியவை உடல்கள் மட்டுமே. அடையாளம் தெரியாதவர்கள் ஏராளம். பல்வானோ கல்லறையில் பொதுக்குழிகளில் அடக்கம் செய்யப்பட்டார்கள். ஒரு குடும்பம் தன் மகன் அந்த வண்டியில்தான் ஏறினானா என்றே தெரியாமல் பல ஆண்டுகள் இருந்திருக்கக்கூடும் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

விசாரணை

காரணமாகப் பதிவானவை: கரியின் தரக்குறைவு, அளவு மீறிய சுமை, ஈரத் தண்டவாளம், காற்றசையாத இரவு, இரு எஞ்சின்களுக்கு இடையே ஒருங்கிணைவு இல்லாமை. யார் மீதும் குற்றம் உறுதியாகவில்லை. போர்க்காலத் தணிக்கையால் செய்தியும் பெரிதாக வெளிவரவில்லை.

இந்தப் பட்டியலில் ஈரத்தையும் காற்றையும் முதன்மைக் காரணமாக வைப்பதை ஏற்க முடியாது. இரண்டும் அந்த மலையில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருபவை. கரியின் தரம் குறைந்தது எல்லோருக்கும் தெரியும். தரம் குறைந்த அளவுக்குச் சுமையைக் குறைக்கவில்லை என்பதுதான் கேள்வி.

பிறகு மாற்றியவை

அந்தப் பாதை முழுவதற்கும் 350 டன் என்ற சுமை வரம்பு வந்தது. இரண்டு எஞ்சின் தேவைப்படும் வண்டிகளுக்கு இரண்டு நீராவி எஞ்சின்களைச் சேர்த்து மாட்டுவது நிறுத்தப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த டீசல்-மின்சார எஞ்சின் ஒன்றும் 480 வகை நீராவி எஞ்சின் ஒன்றும் சேர்த்துப் பயன்படுத்தப்பட்டன. சுரங்கத்தின் தெற்கு வாயிலில் நிரந்தரக் காவல் இடம் அமைத்தார்கள். முந்தைய வண்டியின் புகை வெளியேறியதை உறுதி செய்த பிறகே அடுத்த வண்டியை உள்ளே விடுவது அங்கிருந்தவரின் வேலை.

மூன்றிலும் மிகப் பயனுள்ளது முதலாவதுதான். சுமை குறைந்தால் எஞ்சின் வழுக்காது. வழுக்காவிட்டால் நெருப்புப் படுக்கை கெடாது. சுரங்கத்தைக் கடக்கும் நேரமும் குறையும். ஒரே மாற்றம், நஞ்சு உண்டாவதையும் அதற்குள் இருக்கும் நேரத்தையும் ஒன்றாகக் குறைக்கிறது. காவல் இடம் இரண்டாவது தடுப்பு. அங்கே இருந்தவர் கண்ணால் பார்த்தது புகையை. மோனாக்சைடைப் பார்க்க முடியாது. ஆனாலும் புகை கலைந்தால் காற்று நகர்ந்திருக்கிறது என்று பொருள் என்பதால் அது அர்த்தமுள்ள ஏற்பாடு.

இன்று இதே நிலை வந்தால்

அந்தப் பாதையில் இப்போது நீராவி எஞ்சின்கள் ஓடுவதில்லை. ஆனால் மூடிய இடமும் கெட்ட எரிப்பும் சேரும் சூழ்நிலை வேறு உருவங்களில் எங்கும் இருக்கிறது: கடைக்குப் பின்னால் உள்ள அறையில் ஓடும் ஜெனரேட்டர், ஜன்னல் இல்லாத குளியலறையில் உள்ள கேஸ் கீசர், குளிருக்குக் கூடாரத்துக்குள் எடுத்து வைத்த கரி அடுப்பு, கதவு மூடிய ஷெட்டில் ஓட்டிச் சரிபார்க்கும் பெட்ரோல் எஞ்சின், புகைபோக்கி அடைத்த பாய்லர்.

எரிப்புச் சாதனம் வழக்கமான பலத்தைக் கொடுக்கவில்லை என்றால், எரிபொருளைக் கூட்டுவதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும். கேஸ் அடுப்பிலும் கீசரிலும் சுடர் நீலத்திலிருந்து மஞ்சளாவது, பாத்திரத்தில் கரி படிவது, கண்ணாடியில் வழக்கத்துக்கு மீறிய நீர்த்துளி படிவது ஆகியவை முதல் அறிகுறிகள். பாய்லரில் அழுத்தம் ஏறத் தாமதமாவதும், புகைபோக்கியில் இழுப்பு குறைந்து கதவு வழியே புகை திரும்பி வருவதும் அப்படியே. அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அதைக் காய்ச்சல் என்று எண்ணிப் படுக்க வைக்கக் கூடாது.

எச்சரிக்கைக் கருவி விலை அதிகமில்லை. அமெரிக்கத் தரத்தின்படி வீட்டுக்கான மோனாக்சைடு அலாரம் 70 பிபிஎம்-இல் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள்ளும், 150-இல் 10 முதல் 50 நிமிடத்துக்குள்ளும், 400-இல் 4 முதல் 15 நிமிடத்துக்குள்ளும் ஒலிக்க வேண்டும். புகை அலாரம் இதற்கு மாற்றாகாது. அது துகள்களை மட்டுமே உணரும். கருவியை எரிப்புச் சாதனத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காமல் படுக்கும் இடத்துக்கு அருகிலும் வைக்க வேண்டும். ஏனெனில் அன்று இறந்தவர்கள் எல்லோரும் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அல்ல.

வேலைத் தளங்களில் அர்மியின் நான்கு மணி நேரத்தைக் குறைக்கும் வழி ஒன்றே: மூடிய இடத்துக்குள் போனவர் எப்போது திரும்பி வர வேண்டும் என்று வெளியே ஒருவர் எழுதி வைத்திருப்பது, அந்த நேரம் தாண்டினால் காத்திராமல் உடனே செயல்படுவது. இரண்டு பேர் இரு இடங்களிலிருந்து ஒரே இயந்திரத்தை இயக்குகிறார்கள் என்றால், சிக்கல் வந்தால் வெளியேறும் திசை எது என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். நஞ்சேறிய மூளையால் அந்த முடிவை அப்போது எடுக்க முடியாது.

விழுந்தவரைக் கண்டால்: காற்று உருளையோடு கூடிய முகமூடி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வெளியிலிருந்தே எஞ்சினையோ அடுப்பையோ நிறுத்த முடிந்தால் நிறுத்தி, கதவுகளைத் திறக்க வேண்டும். வெளியே கொண்டு வந்ததும் முகமூடியில் 100 சதவீத ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். சாதாரணக் காற்றில் ரத்தத்தில் உள்ள மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜனில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பக் கூடாது. அந்தக் கருவியால் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதையும் பிரித்தறிய முடியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். எழுந்து நடந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடாது. நினைவாற்றலிலும் நடையிலும் கோளாறு சில நாட்களோ வாரங்களோ கழித்து வரக்கூடும் என்பதால், நினைவிழந்த ஒவ்வொருவரையும் மருத்துவர் பின்னர் மீண்டும் பார்க்க வேண்டும்.